கபால நரம்புப் பரிசோதனைப் பெட்டி: டார்ச்சுக்காக வாங்கலாம்

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 கபால நரம்புகளையும் இதை வைத்துச் சோதிக்கலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். டார்ச் அருமை. ஒளி சிதறாமல் விழுகிறது; ஒரு கண்ணில் அடித்தால் மறு கண்ணின் கண்மணி சுருங்குவதும் தெளிவாகத் தெரிகிறது. பார்வைக்கான இரண்டாம் நரம்பு மூளைக்குச் சேதி கொண்டுபோக, கண்மணியைச் சுருக்கும் மூன்றாம் நரம்பு வேலையை முடிக்கிறது.

வாசனைக் குப்பிகளைத் திறந்தபோதுதான் எரிச்சல் வந்தது. காபி, வெனிலா சரி, மூன்றாவதில் அம்மோனியா! அது முகத்திலும் மூக்கிலும் எரிச்சலை உணரும் ஐந்தாம் நரம்பைச் சீண்டும். முகரும் திறனே இல்லாதவரும் முகத்தைச் சுளிப்பார். வாசனையை உணரும் முதல் நரம்பு நன்றாக இருப்பதாகத் தவறாக எழுதிவிடுவோம். யார் யோசனையோ!

தட்டினால் அதிரும் இசைக்கவை 128 ஹெர்ட்ஸ். கால்விரலில் அதிர்வு பார்க்க உதவும். காது கேட்கும் திறனைப் பார்க்கும் ரின்னே, வெபர் சோதனைகளுக்கு 512 அல்லவா வேண்டும்? முகத்தில் தொடு உணர்வு பார்க்கும் பஞ்சு மென்மை. தோளை உயர்த்த வைக்கும் பதினொன்றாம் நரம்புக்குக் கருவியே வேண்டாம், தோளை அழுத்த உங்கள் கை போதும். டார்ச்சை மட்டும் தனியாக விற்றால் இன்னொன்று வாங்குவேன்.