ஒரு கமாவோடு மூன்று வருடம்

சந்தாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். நண்பர் ஒருவர் உடனே கேட்டார்: "நீங்க வச்சிருக்கிற அந்தச் சொல் தேடுற ஆப், வாங்கலாமா?" ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருக்கும் எரிச்சல் இது, ஒரு சொல்லில் அடங்காது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுத்து டைல்களைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் சேர்க்கும் ஸ்கிராபிள்தான் எங்கள் ஆட்டம். அது நடக்கும்போது நான் ஆப்பைத் திறப்பதில்லை. எல்லாம் முடிந்தபின், கையில் இருந்த ஏழு டைல்களை வைத்து வேறென்ன போட்டிருக்கலாம் என்று பார்த்து நொந்துகொள்ளத்தான் திறக்கிறேன். அக்கா இதை இன்றுவரை நம்பவில்லை.

முதலெழுத்து, கடைசி எழுத்து, நீளம் என்று வடிகட்டும் வசதியெல்லாம் எந்த ஆப்பிலும் உண்டு, அதை விடுங்கள். என் தகராறு ஒரே ஒரு பெட்டியோடுதான். மேலே "இந்த எழுத்துகள் உள்ளவை" என்று போட்டிருக்கும். அதில் எழுத்துகளுக்கு நடுவே கமா போட்டால், அவை சொல்லுக்குள் எங்கே சிதறிக் கிடந்தாலும் தேடித் தரும். கமா போடாவிட்டால், அதே வரிசையில் ஒட்டி நிற்கும் சொற்களை மட்டும் தரும். இந்த விவரம் திரையில் எங்கேயும் இல்லை. வாங்கி நான்கு மாதம் கழித்து, தவறுதலாக விரல் பட்டு ஒரு கமா விழுந்த அன்றுதான் எனக்கே தெரிந்தது.

ஒரு வேர்டில் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்க வேண்டும். அதில் ஈ இரண்டு, எல் ஒன்று, ஐ ஒன்று இருப்பது தெரிந்துவிட்டது. நான்கையும் சேர்த்துத் தட்டினால் "எதுவும் கிடைக்கவில்லை" என்று வரும். அதையும் சாதாரணமாகச் சொல்லாது, சோகமாக முகத்தை வைத்துக்கொண்ட ஒரு பூதக்கண்ணாடிப் படத்தோடு சொல்லும். நடுவே கமா போட்டால் எலீட், எக்ஸைல், லீஜ் என்று வந்து நிற்கும். ஒன்றுமே இல்லை என்று கைவிரித்த அதே ஆப்தான். சொல் இல்லை என்று நம்பி எத்தனை நாள் மூடிவைத்துவிட்டுப் போயிருப்பேனோ, தெரியவில்லை.

இது ஏதோ சின்ன மறதி என்று விட்டுவிட முடியவில்லை. "எழுத்துகள் உள்ள சொல்" என்பதற்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பொருள். ஸ்கிராபிளில் கையில் ஒரு ஈ இருந்தால் ஒரு தடவைதான் போடலாம். கொடுத்த ஏழு எழுத்துகளால் சொற்கள் தேடும் ஸ்பெல்லிங் பீ ஆட்டத்தில் அந்த ஏழையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், நடு எழுத்து மட்டும் கட்டாயம் வர வேண்டும். வேர்டிலில் மஞ்சள் விழுந்தால் எழுத்து உண்டு, ஆனால் இந்த இடத்தில் கிடையாது. மூன்றும் மூன்று வேறு கேள்விகள். ஆப் செய்தவர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெட்டியை வைத்துவிட்டு, மிச்சத்தைக் கமாவின் தலையில் கட்டிவிட்டார். "இந்த இடத்தில் கிடையாது" என்று சொல்ல வழியே இல்லை. இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். நன்றி தெரிவித்தார்கள்.

சரி, நியாயத்தையும் பேச வேண்டும். தேடும் வேகம் அபாரம். லிஸன், சைலன்ட், என்லிஸ்ட், டின்ஸல், இன்லெட்ஸ் ஐந்தும் ஒரே ஆறு எழுத்துகளால் ஆனவை. அந்த ஆறு எழுத்துகளை 720 விதமாக மாற்றிப் போடலாம். அப்படி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி முன்பே எழுதி வைத்துக்கொண்டால், ஐந்து சொற்களும் ஒரே அடுக்கில் வந்து உட்கார்ந்துவிடும். தமிழில் எழுதிப் பார்த்தால் இந்த ஐந்துக்கும் உறவு இருப்பதே தெரியாது. எழுத்தைப் பார்த்தால் ஒலி காதில் விழுந்துவிடும் பழக்கம் நமக்கு. ஆங்கிலச் சொல்லாட்டத்தில் அந்தக் காதை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் எதிர்பாராத இன்பம் ஒன்றும் இதில் உண்டு. சொல்லைத் தொட்டால் பொருளும், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதும் வரும். 2015-ல் நியூசிலாந்து ஸ்கிராபிள் வீரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஃபிரெஞ்சு பேசத் தெரியாமலே ஃபிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பொருள் தேவைப்படாது, எனக்குத் தேவை. பத்துப் பாயின்ட் க்யூவை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு டைலில் க்யூ ஒன்றுதான், யூ நான்கே நான்கு. யூ வராமல் க்யூ மட்டும் கையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒருநாள் தேடினேன். ஃபகீர், தலாக், நிகாப், கனாத் என்று அரபுச் சொற்களாக வந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்ததில் ஒரு மணிநேரம் போனதே தெரியவில்லை. அப்புறம் கட்டமரான். அது நம் கட்டுமரம்தான் என்று ஆப்பே சொன்னபோது, கமாவை மன்னித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

ஸ்கிராபிளில் எந்தெந்தச் சொல் செல்லும் என்று சொல்லும் பட்டியலை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2018 அமெரிக்கப் பட்டியலில் ஈரெழுத்துச் சொற்கள் 107, 2019 காலின்ஸ் அகராதிப் பட்டியலில் 127. நீங்கள் ஒன்றிலும் எதிராளி மற்றொன்றிலும் இருந்தால் சண்டை வரும். எங்களுக்கு வந்தது.

ஆக, நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். பாதி விலைக்கும் வேண்டாம். என் சந்தா அடுத்த வாரம் தானாகப் புதுப்பிக்கப்படும், அதை நான் நிறுத்தப் போவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

நேற்றிரவு அக்கா ஆட்டத்தை முடித்தபோது என் கையில் க்யூ மட்டும் மிச்சம். பத்துப் பாயின்ட் போனது. பலகையில் ஐ ஒன்று, பக்கத்து இடம் காலியாக, சும்மா நின்றுகொண்டிருந்தது. ஆப்பைத் திறந்து, இந்த முறை மறக்காமல், க்யூ, கமா, ஐ என்று தட்டினேன். நீளமான சொல் முதலில் வருகிற பட்டியல். நூற்றுக்கணக்கில் கொட்டியது. கீழே, கீழே என்று தள்ளிக்கொண்டே போய், கடைசி வரியில்தான் அகப்பட்டது: க்யூ, ஐ. இரண்டே எழுத்து, சீனத்திலிருந்து வந்த சொல், உயிராற்றல் என்று பொருள். கமா போடாமல் நீளத்தை இரண்டு என்று வைத்திருந்தால் முதல் வரியிலேயே வந்திருக்கும். உச்சரிப்பு என்ன என்று தொட்டுப் பார்த்தேன்.

"ச்சீ" என்றது ஆப்.