பழவேற்காட்டில் விரால் அடிப்பான்: படகா, கரையா?

பழவேற்காடு ஏரிக்குக் குளிர்காலத்தில் வலசை வரும், மீனுண்ணும் வேட்டைப்பறவையான விரால் அடிப்பானைப் படமெடுக்கப் படகில் செல்வதா, கரையிலேயே காத்திருப்பதா என்று கேட்டால், நான் கரையையே சொல்வேன். படகு பறவைக்கு அருகே கொண்டுசெல்லும் என்பது உண்மைதான். ஆனால் வலைக்காக நட்ட கழியில் அமர்ந்து இரை தின்னும் பறவை, இயந்திர ஒலி நெருங்கியதும் மீனோடு பறந்துவிடும். ஆடும் படகில் கேமராவைத் தாங்கும் முக்காலியும் பயன்படாது. கரையில் நிற்பவருக்கு 500 மி.மீ. லென்ஸும் பொறுமையும் வேண்டும். காலை வெயில் முதுகில் விழும்படி ஏரியின் கிழக்குக் கரையில் நின்று, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்துக்கொண்டால், அது கால்களை முன்னே நீட்டி நீரில் பாய்வதையும், பிடித்த மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிப் பற்றிக்கொண்டு எழுவதையும் தெளிவாகப் பதிவு செய்யலாம். கரையோரக் கோரைமேல் தாழப் பறக்கும் சேற்றுப் பூனைப்பருந்துக்கோ படகு தேவையே இல்லை.