நாடகம், வகுப்பு, விருந்து: மதுரையிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பலாம்?

நாங்கள் எட்டுப் பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரை கே.கே. நகரில் ஒரு மொட்டைமாடியில் கூடி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு நாடகம் வாசிப்போம். நான்கு பேர் ஓய்வு பெற்றவர்கள், இரண்டு பேர் கல்லூரி ஆசிரியைகள், ஒருவர் மருந்துக்கடைக்காரர், அப்புறம் நான். மேடை ஏறியவர் யாரும் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் நாக்கு நீளம், பேச்சிலும் சரி, சாப்பாட்டிலும் சரி.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழுவின் மூத்த அக்கா லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். அங்கே குழுவாகச் சேர்ந்து நாலைந்து நாள் கற்றல் சுற்றுலா போகிறார்களாம். பகலில் நடிப்பு வகுப்பு, சாயங்காலம் நல்ல உணவகத்தில் சாப்பாடு, ராத்திரி நாடகம். "நமக்கு மட்டும் என்ன குறைச்சல்?" என்று கேட்டார். ஒரு குறைச்சலும் இல்லைதான். அன்று தொடங்கி மூன்று இடங்களைக் குழுவாகப் பார்த்துவிட்டோம். நாலாவது இடத்துக்கு ஒருவர் மட்டும் போய்வந்தார். இதே ஆசையோடு இருப்பவர்கள் எங்களைப் போலத் தடவித் தடவிப் போக வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் யார், அறை எப்படி, செலவு எவ்வளவு என்பதையெல்லாம் எல்லாரும் கேட்பார்கள். நாங்கள் கேட்க மறந்தது கடிகாரத்தை. வகுப்புக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், விருந்துக்கு அவசரம் ஆகாது, நாடகத்துக்குத் தூக்கம் வரக் கூடாது. மூன்றையும் ஒரே உடம்பு ஒரே நாளில் தாங்க வேண்டும். லண்டனில் நாடகம் ஏழரை மணிக்கு என்றால் பல உணவகங்கள் ஐந்தரைக்கே அதற்கென்று தனிச் சாப்பாடு போட்டு, ஏழுக்குள் ஆளை அனுப்பிவிடுகின்றன என்று அக்கா சொன்னார். அப்போது யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

முதலில் போனது காரைக்குடிப் பக்கம். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். சாப்பாட்டை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் செட்டிநாட்டை மற்ற எந்த இடமும் நெருங்க முடியாது. காரைக்குடியில் பங்களா, கானாடுகாத்தானில் விசாலம் என்று பழைய வீடுகள் விடுதிகளாகியிருக்கின்றன. பங்களாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். நாங்கள் தங்கியது வேறொரு வீடு, பெயர் வேண்டாம். சென்னையிலிருந்து ஒரு நடிப்புப் பயிற்சியாளரை வரவழைத்திருந்தோம்.

முதல் நாள் மதியம் இலையில் வாழைப்பூக் கோலா, உப்புக்கறி, நாட்டுக்கோழிக் குழம்பு, மண்டி, கடைசியில் கவுனி அரிசி. பரிமாறிய ஆச்சி "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லும்போது மறுக்க யாருக்கும் மனசு வரவில்லை. மூன்று மணிக்கு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், குரல் பயிற்சி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சில்லென்று இருந்தது. "எல்லாரும் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, மூச்சை அடிவயிற்றுக்கு இழுங்கள்" என்றார் பயிற்சியாளர். ஐந்தாவது மூச்சில் மருந்துக்கடை அண்ணன் குறட்டை விட்டார். எட்டாவது மூச்சில் இன்னொருவர். பயிற்சியாளர் நல்ல மனிதர். "இதுவும் ஒரு குரல்தான்" என்று சொல்லிவிட்டு, வகுப்பை ஆறு மணிக்குத் தள்ளிவைத்தார்.

ஆறு மணிக்கு விடுதிக்காரர்கள் சொல்லியிருந்த 'கலை நிகழ்ச்சி' வந்து நின்றது: ஒரே ஒரு கரகாட்டக் கலைஞர், ஒரு ஸ்பீக்கர் பெட்டி. தவிலும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. அந்தப் பெண் பாவம், நாற்பது நிமிடம் பதிவுசெய்த பாட்டுக்கு ஆடிவிட்டுப் போனார். நாம் கொடுத்த காசு அவர் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்ற கேள்வி மறுநாளும் உறுத்தியது.

செட்டிநாட்டைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் பங்குனியில் போங்கள். கம்பன் விழா நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். சா. கணேசன் 1939-ல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் மேடை அது. பட்டிமண்டபத்தை நாடகம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் எதிராளியின் வாதத்தை மறித்து எடுக்கிற அந்த லாகவம், கூட்டம் சிரிக்கும் வரை காத்திருந்து அடுத்த சொல்லைப் போடுகிற அந்த நிதானம், இதெல்லாம் நடிப்பு வகுப்புக்கு உள்ளே வருகிற சமாச்சாரம். வகுப்பைக் காலை ஏழு மணிக்கு, இட்லிக்கு முன்னாடியே முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் அங்கே ஒன்றும் நடக்காது.

அடுத்தது புதுச்சேரி. வகுப்பின் தரத்தை வைத்துப் பார்த்தால் இதற்குத்தான் முதலிடம். ஆரோவில் பக்கத்தில் இருக்கும் ஆதிசக்தி, வீணாபாணி சாவ்லா 1981-ல் மும்பையில் தொடங்கி, பிறகு இந்தப் பக்கம் கொண்டுவந்த அரங்கக் குழு. தங்கிப் பயிலும் பட்டறை நடத்துகிறார்கள். மூச்சு, களரிச் சண்டைப் பயிற்சி, கேரளத்துக் கூடியாட்டத்தின் கண் அசைவு, மிழாவு மேளத்தின் தாளம் என்று உடம்பைத் தலையிலிருந்து கால் வரை பிரித்து மாட்டுவார்கள். எங்கள் ஆசிரியைகளில் இளையவர் தனியாகப் போய்வந்தார். திரும்பி வந்தபோது நடையே மாறியிருந்தது. ஆனால் அது விடுமுறை இல்லை, தவம். ஏறக்குறைய பத்து நாள், நாள் முழுக்க வேலை, பேச்சும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அறுபதைத் தாண்டிய முட்டிகளோடு குழுவாகப் போகிற இடம் இல்லை.

அதனால் நாங்கள் பின்வாசல் வழியைப் பிடித்தோம். ஏப்ரலில் வீணாபாணி நினைவாக அங்கே நாடக விழா நடக்கும். சாயங்காலம் அதைப் பார்ப்பது, காலையில் நகரத்தில் ஒரு நிகழ்கலைப் பட்டதாரித் தம்பியிடம் வகுப்பு என்று ஏற்பாடு. காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விழுப்புரம், அங்கிருந்து பஸ். வகுப்பு அருமை. நாடகங்களும் அருமை. இடித்தது சாப்பாடு. புதுச்சேரியில் நல்ல உணவகத்துக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளை நகரத்தில் பிரெஞ்சுச் சமையல், தமிழர் தெருப் பக்கம் பழைய வீடுகளில் தமிழும் பிரெஞ்சும் கலந்த குழம்பு வகைகள். ஆனால் நாடகம் முடிந்து, செம்மண் சாலையில் ஆட்டோ பிடித்து, பத்து கிலோமீட்டர் போல வந்து சேர்ந்தால் அடுப்பை அணைத்திருக்கிறார்கள். இரண்டு ராத்திரி முட்டை பரோட்டாதான். ஏழு மணி நாடகத்துக்குப் போகிற நாளில் மதியத்திலேயே விருந்தை முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று மூன்றாம் நாள் உறைத்தது.

புதுச்சேரிப் பக்கம் போகிற மதுரைக்காரர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருக்கிறது. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவர், 1922-ல் புதுச்சேரியில் காலமானார். நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. எங்களோடு வந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகத்திலிருந்து ஒரு விருத்தத்தைப் பாடினார். சுருதி கொஞ்சம் விலகியிருந்தது. அந்தப் பயணத்தில் எனக்கு நினைவில் நிற்பது அதுதான்.

கர்நாடகத்தில் ஹெக்கோடு பற்றி ஒரு வார்த்தை. சாகர் பக்கத்துச் சின்ன ஊர். 1949-ல் பிறந்த நீநாசம் அங்கே இருக்கிறது; கே.வி. சுப்பண்ணா வளர்த்த நாடக அமைப்பு, அவருக்கு 1991-ல் மகசேசே விருது கிடைத்தது. வருடா வருடம் பண்பாட்டு முகாம் நடத்துகிறார்கள். பகலில் உரையும் விவாதமும், மாலையில் நாடகம், எல்லாம் நடந்து போகிற தூரத்தில். கடிகாரக் கணக்கை இவ்வளவு சுத்தமாகத் தீர்த்த இடம் வேறு இல்லை என்று போய்வந்த அண்ணன் சொல்கிறார். நகைக்கடை போல மின்னுகிற உணவகமெல்லாம் இல்லை, பந்திச் சாப்பாடு. எல்லாம் கன்னடத்தில். பெங்களூர் போய் அங்கிருந்து இன்னொரு ராத்திரி ரயில். விருந்து முக்கியமில்லை, பாதி புரிந்தால் போதும் என்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

இனி மதுரை. உள்ளூரிலேயே சுற்றுலாவா என்று எங்கள் வீடுகளில் சிரித்தார்கள். நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

காரணம் ஸ்பெஷல் நாடகம். ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக ஸ்பெஷலாக ஒப்பந்தம் செய்வதால் அந்தப் பெயர். கதாநாயகனாகிற ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, நாயகியாகிற ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, சிரிக்க வைக்கிற பபூன் வேறோர் ஊரிலிருந்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை ஆடுவார்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் திருவிழா நடக்காத வாரம் இருக்காது. சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் நடிகர்களின் படத்தோடு பெயர், ஊர் எல்லாம் இருக்கும்.

போன வைகாசியில் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊர்ப் பெரியவரின் தயவால் மேடைக்குப் பின்னால் ஒப்பனை போடும் இடத்துக்குப் போக முடிந்தது. தென்னங்கீற்றுத் தடுப்பு, ஒரு குண்டு பல்பு. வள்ளி வேஷம் போடுகிறவர் தகரப் பெட்டி மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து மை எழுதிக்கொண்டிருந்தார். நாரதர் அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் பையோடு உள்ளே வந்தார். வணக்கம் சொல்லிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்கு எத்தனை கட்டைம்மா?" கட்டை என்றால் பாடுகிற சுருதி. வள்ளி ஐந்து என்றார். நாரதர் ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான் ஒத்திகை. நடுராத்திரிக்கு மேல் அந்த இரண்டு பேரும் நாரதர்–வள்ளி தர்க்கத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மோதினார்கள். ஒரு சொல் தடுக்கவில்லை.

மறுநாள் மாலை நாலு மணி வகுப்பு இதன் மேல்தான். மேடையை விட்டு விலகிய ஒரு ராஜபார்ட் ஐயாவும், ஓர் ஆர்மோனிய ஆசிரியரும் மொட்டைமாடிக்கே வந்தார்கள். ஐயா சொல்லிக்கொடுத்தது எளிமையான சங்கதி. எதிராளி பேசி முடிக்கும் கடைசிச் சொல்லை வாங்கிக்கொள், அந்தச் சொல்லிலிருந்து உன் பேச்சு கிளம்பட்டும். செய்து பார்த்தால் எட்டுப் பேரில் ஒருவருக்கும் வரவில்லை. எல்லாரும் நம் முறை எப்போது என்று காத்திருக்கிறோமே தவிர, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்பதே இல்லை. முதல் நாள் ராத்திரி அதைக் கண்ணால் பார்த்திருந்ததால் எங்கே தவறுகிறோம் என்பதாவது புரிந்தது. மற்ற ஊர்களில் வகுப்பு ஒரு பக்கம், நாடகம் ஒரு பக்கம் என்று கிடந்தன.

கஷ்டமும் உண்டு. பபூன், டான்ஸ் காட்சிகளில் இரட்டை அர்த்தம் தாராளமாக விழும். பிள்ளைகளோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நாற்காலி கிடையாது. கழிப்பறைக்கு யாராவது ஒரு வீட்டை முன்னாலேயே கேட்டுவைப்பது நல்லது. நூற்றியொரு ரூபாய் அன்பளிப்பு கொடுத்தால் உருக்கமான காட்சியை நிறுத்திவிட்டு மைக்கில் உங்கள் பெயரைச் சொல்வார்கள். நவீன நாடகம்தான் வேண்டும் என்றால் மதுரையில் அது வாராவாரம் கிடைக்காது. மு. ராமசாமி 1978-ல் நிஜ நாடக இயக்கம் தொடங்கிய ஊர்; அதற்கு முந்தின வருடம் காந்திகிராமத்தில் நடந்த எழுபது நாள் பட்டறையைத் தமிழ் நாடகக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஆனாலும் இன்றைக்கு ஒரு குழுவின் காட்சித் தேதியும் உங்கள் விடுமுறையும் ஒத்துவருவது அதிர்ஷ்டம்தான்.

சாப்பாட்டுக் கணக்கை இங்கே இப்படிப் போட்டோம். நாடக ராத்திரியில் ஏழரைக்கு நாலு இட்லி, அதோடு சரி. விடியலில் திரும்பும்போது பருத்திப்பால். பதினொரு மணி வரை தூக்கம். மதியம் மெஸ்ஸில் அயிரை மீன் குழம்பு. அந்த விரல் அகல மீனை உயிரோடு பாலில் விட்டு, மண்ணைக் கக்க வைத்து, அப்புறம்தான் குழம்பில் போடுகிறார்கள். இவ்வளவு மெனக்கெடும் சமையலை உயர்தர விருந்து என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? வெள்ளைத் துணி விரித்த மேசைதான் விருந்து என்று அக்கா பிடிவாதமாக இருந்ததால், நாடகம் இல்லாத ஒரு சாயங்காலம் பசுமலை கேட்வே ஹோட்டலின் புல்வெளிக்குப் போனோம். மேலேயிருந்து ஊரின் விளக்குகளைப் பார்த்தபடி ஒன்பது மணி வரை சாப்பிட்டோம். இன்னொரு நாளைக்கு கோச்சடை ஹெரிடேஜ் ஹோட்டல். இலங்கையின் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கட்டடம், நீச்சல் குளமே தெப்பக்குளம் மாதிரி இருக்கும்.

நாலு நாளுக்கு, ஆசிரியர்களுக்கு மரியாதையாகக் கொடுத்தது, வேன் வாடகை, பசுமலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்தும் காரைக்குடிச் செலவில் பாதியைத் தாண்டவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அறை வாடகை கூடும்.

வரும் சித்திரைக்கு மதுரையே என்று முடிவாகிவிட்டது. ஐயாவுக்கு வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்தாயிற்று. இந்த முறை பாயும் போர்வையும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போன தடவை அவருடைய பாயில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம்.