போட்டை வெட்டுறதா, கரையைத் திருத்துறதா? வீல்செயரில இருக்கிற கடற்றொழிலாளிக்கு எது பொருந்தும்

முல்லைத்தீவுக் கரையோரத்தில சண்டையில முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ இயங்காமல் போன தொழிலாளியள் இருக்கினம், அவையளுக்குக் கை நல்லா இருக்கு, வலை தெரியும், காத்துத் தெரியும், ஆனா கரையில இருந்து மற்ற ஆக்கள் கொண்டு வாற மீனைப் பாத்துக்கொண்டு இருக்கோணும். என்ர மச்சானும் அப்பிடித்தான். அவருக்காகத்தான் இதைத் தேடத் தொடங்கினன், தேடத் தேட ஆளாளுக்கு ஒவ்வொரு யோசனை, எல்லாரும் தங்கட யோசனைதான் சரி எண்டு நிக்கினம். அதால ஒவ்வொண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாப்பம். நான் பேசுறது எங்கட வழமையான பைபர் போட்டைப் பற்றி, 18 அடியில இருந்து 23 அடி வரைக்கும் வாறது, பின்னால அவுட்போர்ட் எஞ்சின் பூட்டினது.

முதல்ல எல்லாரும் சொல்லுறது அணியத்தை, அதாவது போட்டின்ர முன்பக்கத்தை, வெட்டிக் கதவு வைக்கிறது. கதவைக் கீழ இறக்கினா அதுவே ஏறுபலகையாகும், வீல்செயரை அப்பிடியே உருட்டிக்கொண்டு உள்ளுக்குப் போகலாம். இங்கிலாந்தில வீலிபோட் ட்ரஸ்ட் எண்டொரு அமைப்பு இப்பிடி அணியக் கதவோட போட் செய்து குடுக்குது, வடிவான வேலை, ஆனா அதுகளில கூடுதலானது ஏரியிலயும் நீர்த்தேக்கத்திலயும் ஓடுறதுக்கு, அதோட தொடக்கத்தில இருந்தே தட்டை அடியோட அதுக்கெண்டே கட்டினது. எங்கட போட்டின்ர அணியம் கூரா இருக்கிறது அலையைக் கிழிக்க. அதை வெட்டித் தட்டையாக் கதவு வைச்சா கரையலை உடையிற இடத்தில ஒவ்வொரு அலையும் கதவில நேர அறையும், கீல் ஆடும், ரப்பர் சீல் உப்பிலயும் மணலிலயும் கெதியாத் தேஞ்சுபோம், பிறகு தண்ணி வரும். தண்ணி கொஞ்சம்தானே எண்டு விடேலாது, அகலமான தட்டில நிக்கிற தண்ணி போட் சரியிற பக்கமே ஓடிப்போய் இன்னும் சரிக்கும். 1987இல பெல்ஜியத்தின்ர சீப்ரூக் துறைமுகத்தில ஹெரால்ட் ஒஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் எண்ட பெரிய கப்பலே முன்கதவைச் சாத்தாமல் வெளிக்கிட்டு, வாகனத் தட்டில தண்ணி பரவி, ரெண்டு நிமிசத்துக்குள்ள சரிஞ்சு 193 பேர் செத்தவை. கப்பலுக்கே அந்த நிலைமை. திறந்த கடலுக்குப் போற போட்டில அணியக் கதவை நான் ஒருக்காலும் வைக்கச் சொல்ல மாட்டன்.

அடுத்தது பக்கக் கதவு, போட்டின்ர நடுவில ஒரு பக்க விளிம்பை வெட்டுறது. வீல்செயர் சாதாரணமா 25, 27 அங்குல அகலம், அப்ப வாசல் 30 அங்குலமாவது வேணும். இதில ஆக்கள் கவனிக்காத விசயம் என்னெண்டா அந்த மேல்விளிம்புதான் போட்டுக்கு முறுக்குத் தாங்கிற பலம் குடுக்கிறது, அதை வெட்டினா ஓடேக்க போட் முறுகும், கொஞ்ச நாளில வெட்டின மூலையில இருந்து வெடிப்பு ஓடும். வாசலைச் சுத்திப் பைபர் துணியும் றெசினும் பல பட்டை அடிச்சு, குறுக்கால ஒரு பலகைச் சட்டமும் குடுத்தாத்தான் தாங்கும். கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருக்கோணும், அப்பத்தான் வெளித் தண்ணி அழுத்த அழுத்த இறுகும். கீல், தாழ்ப்பாள் எல்லாம் ஸ்டெயின்லெஸில 316 எண்டு கேட்டு வாங்குங்கோ, 304 கடலில கறள் பிடிக்கும். இவ்வளவும் செய்தாலும் இறங்குதுறை இருக்கிற இடத்திலதான் இதால பிரயோசனம். மணற்கரையில இழுத்து விட்ட போட்டுக்குப் பக்கக் கதவு வைச்சு என்ன செய்யிறது, நிலத்துக்கும் வாசலுக்கும் இடையில ஏறுபலகை வேணுமே. தனிய உருட்டி ஏறக்கூடிய சரிவு 1க்கு 12 எண்டு கணக்கு, வாசல் 2 அடி உயரத்தில இருந்தா 24 அடிப் பலகை, போட்டை விட நீளம்.

வீல்செயரை உள்ளுக்கு ஏத்தினாப் பிறகும் ஒரு பிரச்சினை இருக்கு. ஆள் அடித்தட்டில இருந்து 20 அங்குலத்துக்கு மேல உயரத்தில இருப்பார், உயரத்தில பாரம் இருந்தா போட் கூட உருளும், இடுப்பில பிடிப்பில்லாத ஆளுக்கு அந்த உருளல்தான் பெரிய களைப்பு. பிரேக்கை மட்டும் நம்பேலாது, கதிரையை நாலு மூலையிலயும் கட்டோணும். கதிரையைத்தான் கட்டோணும், ஆளைக் கதிரையோட கட்டக்கூடாது. போட் கவிண்டா ஆள் கதிரையோட கீழ போவார். இதைச் சொன்னா "விழுந்திடுவாரே, பெல்ற் போடவேண்டாமோ" எண்டு அன்பில கேக்கினம், அந்த அன்புதான் ஆளைக் கொல்லும்.

ரெண்டு சின்ன வள்ளத்தைப் பக்கத்தில வைச்சு மேல பலகைத் தட்டு அடிக்கிற யோசனை எனக்கு நல்லாப் பிடிச்சது, ஆனா களப்புக்கு மட்டும். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் மாதிரி அலை இல்லாத ஆழம் குறைஞ்ச தண்ணியில இதை அடிக்க வேற ஒண்டும் இல்லை. அகலம் கூட எண்டபடியா ஒரு ஓரத்துக்கு உருட்டினாலும் லேசில சரியாது, தட்டைக் கரைக்கட்டின்ர உயரத்துக்கே அடிச்சா நேர உருட்டி ஏறலாம், தானே ஏறலாம், அதுதான் பெரிய விசயம். தட்டைச் சுத்தி 4 அங்குலக் கட்டை அடிச்சா சில்லு வெளிய போகாது. நண்டு வலை இழுக்கலாம், தூண்டில் போடலாம். வீச்சுவலை இருந்தபடி எறியிறது கஷ்டம், அதுக்கு இடுப்புத் திரும்போணும். எதிர்க்காத்தில தள்ளுறதும் பாரம். களப்பில தண்ணி மாரியில ஏறி, முகத்துவாரம் வெட்டினா இறங்கி, கோடையில வத்தும், அதால கரைக்கட்டை ஒரே உயரத்தில கட்டாமல் ரெண்டு மூண்டு படியாக் கட்டோணும். கடலில இந்தத் தொல்லை குறைவு, எங்கட பக்கம் வத்துப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான்.

செயின் புளொக் (சங்கிலிக் கப்பி) பூட்டி ஆளைத் தூக்கி இறக்கிறதைப் பற்றிக் கன கதை இல்லை. கழுத்தில அடிபட்டுக் கையும் பலமில்லாத ஆளுக்கு வேற வழி இல்லாட்டிச் செய்யலாம். காத்துக்கு ஆடும், கீழ போட்டும் ஆடும், ரெண்டு பேர் பிடிக்கோணும், எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கேக்க தொங்கிறது ஒரு தொழிலாளிக்கு எப்பிடி இருக்கும் எண்டும் யோசிக்கோணும்.

கடலுக்கு நான் சொல்லுறது போட்டை வெட்டாத வழி. வீல்செயர் கரையில, வாடிக் கொட்டிலில நிக்கட்டும். போட்டுக்குள்ள முதுகும் ரெண்டு பக்கமும் தாங்கிற பதிவான கதிரை ஒண்டு, அடித்தட்டில இருந்து 10, 12 அங்குல உயரம், குறுக்குப் பலகையில போல்ற் போட்டு இறுக்கினது, கீழ ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளைப் பஞ்சுக்கட்டி) அடைச்சா மிதக்கவும் உதவும். மிச்சக் காசை எல்லாம் கரையில போடுங்கோ. வாடியில இருந்து போட் வரைக்கும் பனம்பலகை இல்லாட்டிப் பழைய ரப்பர் பெல்ற் விரிச்சா முன்சில்லு மணலில புதையாது. போட் காய்ஞ்ச மணலில நிக்கேக்கயே, பக்கத்தில மண்மூட்டை அடுக்கி வீல்செயரின்ர சீற்றும் போட்டின்ர விளிம்பும் ஒரே மட்டத்துக்கு வரச் செய்து, வழுக்கலான பலகை ஒண்டைப் பாலமா வைச்சா, கைப்பலம் உள்ள ஆள் தானே நகர்ந்து விளிம்புக்கு வருவார், உள்ளுக்கு ஒரு இடைப்படி, பிறகு கதிரை. அவர் இருந்தாப் பிறகு போட்டைத் தள்ளுங்கோ, ட்ரக்டர் இருந்தா அதால தள்ளுங்கோ. ஆடுற போட்டில ஆளைத் தூக்கி ஏத்திறதுதான் இப்ப நடக்கிறது, தூக்கிற ஆளின்ர முதுகும் போகுது, தூக்குப்படுற ஆளின்ர தோலும் உரஞ்சுது. இதில குறை இல்லை எண்டில்லை, அலை கூடின நாளில இறங்கிற நேரம் ரெண்டு பேர் உதவி வேணும், மாரியில வாற வாடைக் காத்துத் தொடங்கினா விட்டிடோணும்.

எஞ்சினையும் மாத்தோணும், இல்லாட்டி ஆளைச் சும்மா சவாரிக்குக் கூட்டிப் போற மாதிரித்தான் முடியும். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண இடுப்புப் பலம் வேணும், அதால பற்றரி ஸ்டார்ட், கைபிடிக்கு நீட்டுத்தடி, எஞ்சினை நிப்பாட்டிற சிவப்புக் கயிறு கையில. சோளகம் கரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து, கரை அமைதியா இருக்கிறதைப் பாத்து ஏமாறக்கூடாது, எஞ்சின் நிண்டா போட் வெளிய போய்க்கொண்டே இருக்கும், அதால தனியப் போக விடாதேங்கோ.

உணர்ச்சி இல்லாத காலைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. கெளிறு முள்ளுக் குத்தினாலும் தெரியாது, வெயிலில கொதிச்ச பைபர் சுட்டாலும் தெரியாது, வீட்டை வந்து பாத்தாத்தான் புண். முழங்காலுக்கு மேல வாற பூட்ஸ், மீனுக்கு மூடி உள்ள பெட்டி, கதிரையில படுக்கைப்புண் வராத குஷன், அதுக்குப் பிளாஸ்ரிக் உறை. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கையை ஊன்றி உடம்பைத் தூக்கி விடோணும், அதுக்குத்தான் கதிரைக்குப் பக்கப்பிடி. லைஃப் ஜக்கெற் தலையைத் தண்ணிக்கு மேல பிடிக்கிற கழுத்து வைச்சதா இருக்கோணும், இயங்காத கால் சில பேருக்கு மேல மிதந்து முகத்தைக் கீழ திருப்பும். ஆழம் குறைஞ்ச இடத்தில ரெண்டு பேர் பக்கத்தில நிக்க, போட்டுப் பாத்திட்டுத்தான் தொழிலுக்குப் போகோணும்.

போட்டில எதை மாத்திறதெண்டாலும் முதல்ல கடற்றொழில் பரிசோதகரோட ஒருக்கா கதையுங்கோ, பதிவுள்ள போட்தானே. கதிரையைப் பைபரில செய்யிறதுக்கு முதல் பெட்டிப் பலகையில ஒண்டு அடிச்சு, போட் மணலில நிக்கேக்க ஆளை இருத்திப் பாருங்கோ, கைபிடி எட்டுதா, வலை விளிம்பால ஏறுதா எண்டு. உயரத்தைச் சொல்லவேண்டியது அவர்தான், மேசனும் இல்லை, போட்டின்ர முதலாளியும் இல்லை.