எல்லா வேட்பாளருக்கும் எண் போட்டே ஆகணுமா?

சேலம் மாவட்டத்தின் பதினொரு தொகுதிகளிலும் சட்டமன்றத் தேர்தலில் வாக்காளருக்கு ஒரே வேலைதான்: நீலப் பொத்தானை ஒருமுறை அழுத்துவது. அங்கே ஜெயித்துப் போகும் எம்.எல்.ஏ.க்களோ குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிறார்கள். அதில் கட்டாயம் 1 மட்டுமே. ௧ என்று தமிழ் எண்ணில் எழுதினாலும் செல்லும். ‘ஒன்று’ என்று எழுத்தில் எழுதினால் செல்லாது. 2-ஐ இரண்டு பேருக்குப் போட்டுவிட்டாலும் சீட்டு கழிவதில்லை. 1 கணக்கில் நிற்கும், அதற்கு மேல் நகராது.

இந்த முறை பொதுமக்களுக்கு வந்தால் இஷ்டப்பட்ட வரை எண் போட்டால் போதுமா, ஆஸ்திரேலியாவின் கீழவைத் தேர்தல் மாதிரி அத்தனை பேருக்கும் போட வேண்டுமா?

ஏற்காடு தொகுதியில் 1,000 ஓட்டு விழுந்ததாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முருகன் 410, செல்வி 350, ராஜா 150, மணி 90. யாருக்கும் பாதிக்கு மேல், அதாவது 501 இல்லை. கடைசியில் இருக்கும் மணியும் பிறகு ராஜாவும் வெளியேற, அவர்களுடைய 240 சீட்டை அடுத்த எண்படி பிரிக்கிறார்கள். இஷ்ட முறையில் 100 சீட்டில்தான் அடுத்த எண் இருக்கிறது: முருகனுக்கு 30, செல்விக்கு 70. 440-க்கு 420 என்று முருகன் வெற்றி. எண் இல்லாத 140 சீட்டு அப்படியே ஓரம்போகும். எல்லாருக்கும் எண் கட்டாயம் என்றிருந்து, அந்த 140-ம் முருகனுக்கு 40, செல்விக்கு 100 என்று போயிருந்தால் முருகன் 480, செல்வி 520.

நிஜத்திலும் சீட்டுகள் இப்படி ஓரம்போகின்றன. 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு போடலாம். அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் இரண்டாம் சுற்றுக்குப் போக, மற்றவர்களுக்கு விழுந்த சுமார் 33 லட்சம் சீட்டில் இவர்களுக்கு வந்து சேர்ந்தது 2.73 லட்சம்தான். 30 லட்சத்துக்கு மேல் ஓரம்போயின. இருவருக்கும் இடைவெளி 12 லட்சம். அநுர ஜெயித்தது செல்லுபடியான மொத்த வாக்கில் 43 விழுக்காட்டை வைத்து.

கட்சிகளும் சும்மா இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இஷ்ட முறை இருந்த 2001-ல், எதிர்த்தரப்பு பிரிந்து கிடந்ததால் ஆளும் லேபர் கட்சி ‘1 மட்டும் போடுங்கள்’ என்று பிரசாரம் செய்தது. பசுமைக் கட்சி வாக்காளர்களின் அடுத்த எண்கள் தேவைப்பட்ட காலத்தில், 2016-ல், அதே கட்சியின் அரசுதான் கட்டாய முறையைத் திரும்பக் கொண்டுவந்தது. கொள்கை என்று யாராவது சொன்னால் அந்த வருடத்துக் கூட்டணிக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

கட்டாய முறை தடுமாறுவது சீட்டு நீளும்போது. 1974-ல் ஆஸ்திரேலிய மேலவையான செனட்டுக்கு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அச்சடித்த சீட்டில் 73 பேர். அத்தனை பேருக்கும் எண் போட வேண்டும். அந்தத் தேர்தலில் ஆஸ்திரேலியா முழுக்க செனட் சீட்டுகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் செல்லாதவை. நமக்குப் பக்கத்திலேயே மொடக்குறிச்சியில் 1996-ல் 1,033 பேர் நின்று, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். அதில் வரிசை போடச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! 25 பேர் நின்றாலே 17-ஐ இரண்டு முறை எழுதுவது சுலபம்.

களைத்துப்போனவர் மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று போட்டுவிட்டுக் கிளம்புவார். நம் சீட்டில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், பதிவு செய்த கட்சிகள், சுயேச்சைகள் என்று மூன்று அடுக்கு, ஒவ்வொன்றுக்குள்ளும் அகரவரிசை. லாபம் பெரிய கட்சியில் ‘அ’வில் பெயர் தொடங்குகிறவருக்கு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் அச்சடிக்கும்போதே சீட்டுக்குச் சீட்டு பெயர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். இங்கே அது கட்சிகளுக்கு ஆகாது. ‘மூணாவது பட்டன்’ என்று கேட்கும் பிரசாரம் படுத்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் யாருக்கு எந்த எண் என்ற கட்சிப் பட்டியலை வாக்குச்சாவடி வாசல் பக்கமே கொடுப்பார்கள். இங்கே 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்கக் கூடாது. ஆகவே பட்டியல் முந்தின நாளே வீட்டுக்கு வரும். கூடவே என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை.

என் கணிப்பில், எத்தனை எண் கேட்கிறோம் என்பதைவிட எந்தத் தவறுக்குச் சீட்டைக் கழிக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஆஸ்திரேலிய செனட் சீட்டில் ஒரு கோடு, அதற்கு மேலே கட்சிகள், கீழே வேட்பாளர்கள்; ஏதாவது ஒரு பக்கம் எண் போடலாம். 2016 முதல் கோட்டுக்கு மேலே 6 கட்சிகளுக்காவது எண் போடச் சொல்கிறார்கள். 1 மட்டும் போட்டாலும் ஏற்கிறார்கள். கோட்டுக்குக் கீழே 12 பேரைக் கேட்டு, 6 சரியாக இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். நிறையக் கேட்டு, குறைவுக்கும் இடம் கொடுக்கும் இந்த ஏற்பாடு மற்ற இரண்டையும்விட நியாயமானது. நாலைந்து பேர் நிற்கும் இடத்தில் எல்லாருக்கும் எண் கேட்பதில் தப்பில்லை.

இன்றைய மின்னணு இயந்திரத்தில் வரிசை போட முடியாது. சேலத்தில் சோதிக்க வேண்டுமானால் இன்னும் காகிதச் சீட்டு இருக்கும் ஊராட்சித் தலைவர் தேர்தல்தான் தோது. ஒரு சிக்கல்: அதே நாளில் வார்டு, ஒன்றியம், மாவட்டம் என்று இன்னும் மூன்று சீட்டில் முத்திரை குத்த வேண்டும். 1984-ல் ஆஸ்திரேலியாவில் செனட்டுக்கு மட்டும் 1 போட்டால் போதும் என்று மாற்றியதும், கீழவைச் சீட்டிலும் பலர் 1-ஓடு நிறுத்தினார்கள். செல்லாத ஓட்டு 2 விழுக்காட்டிலிருந்து 6-க்கு மேல் போனது. ஆகவே நான்கு சீட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். தலைவர் சீட்டை மட்டும் மாற்றுவதானால், பழக்கத்தில் ஒருவருக்கு மட்டும் முத்திரை குத்திய சீட்டை 1 என்று எடுத்துக்கொள்ளும் விதியை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்.