கூகுள் என்கிராம் வியூவர்: அரிய ஆங்கிலச் சொல்லுக்கு இதை எவ்வளவு நம்பலாம்?

ஓர் ஆங்கிலச் சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க மொழிபெயர்ப்பாளர்களும் மெய்ப்புத் திருத்துபவர்களும் அடிக்கடி திறப்பது கூகுள் என்கிராம் வியூவரை. 2010 டிசம்பரில் வந்த இலவசக் கருவி இது. கூகுள் ஸ்கேன் செய்த புத்தகங்களில் ஒரு சொல்லோ, ஐந்து சொல் வரையுள்ள தொடரோ ஆண்டுவாரியாக எத்தனை சதவீதம் வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். ஓரளவு அரிதான சொல்லுக்கு அருமையான கருவி. நிஜமாகவே அரிதான சொல்லுக்கும், எல்லோருக்கும் தெரிந்த சொல்லின் அரிய பொருளுக்கும் இதை மட்டும் நம்பினால் காலை வாரிவிடும்.

முதலில் இடது ஓரத்து எண்ணைப் படிக்கப் பழக வேண்டும். 0.0001% என்றால் பத்து லட்சம் சொல்லுக்கு ஒரு முறை. இதை, சொற்களைப் புழக்க அளவின்படி ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி பிரித்திருக்கும் எட்டுப் படிநிலைகளோடு பொருத்திப் பார்க்கலாம். எட்டாம் படி, பத்து லட்சத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வருபவை. அங்கிருந்து ஒவ்வொரு படிக்கும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஐந்தாம் படி 1 முதல் 9.9 வரை, நான்காம் படி 0.1 முதல் 0.99 வரை. இரண்டாம் படி 0.01-க்கும் கீழே. ஒன்றாம் படியில் இருப்பவை இன்றைய எழுத்தில் அநேகமாகக் கண்ணில் படாதவை. ஆக, என்கிராமில் 0.00001%-க்குக் கீழே போய்விட்டால் மூன்றாம் படிக்கு இறங்கியாயிற்று. பொது வாசகருக்கு எழுதுகிறவர் அங்கே இன்னொரு முறை யோசிப்பது நல்லது.

அமைப்புகளை அப்படியே விட்டுவைப்பதால்தான் பாதிக் குளறுபடி. ஸ்மூத்திங் என்பது இயல்பாக 3-இல் நிற்கும். அதாவது ஒவ்வோர் ஆண்டின் அளவும் முன்னும் பின்னும் மும்மூன்று ஆண்டுகளைச் சேர்த்த சராசரி. அரிய சொல் ஒரே ஆண்டில் எகிறியிருந்தால் அது ஏழாண்டு மேடாகப் பரவி, அந்தக் காலத்தில் சொல் நன்றாகப் புழங்கியதுபோல் தோன்றும். 0 வைத்துப் பாருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் கருவி பார்க்கும். 'பாலிஷ்' சின்ன எழுத்தில் தொடங்கினால் மெருகு, பெரிய எழுத்தில் தொடங்கினால் போலந்து மொழி. இரண்டையும் சேர்த்து எண்ணச் சொல்லும் பொத்தானை இந்த மாதிரிச் சொல்லுக்கு அழுத்தக் கூடாது. அரிய சொல்லைப் பொதுச் சொல்லோடு ஒரே படத்தில் போட்டால் அது தரையோடு ஒட்டிக் கிடக்கும். சொல், நட்சத்திரக் குறி, 1000 மூன்றையும் (சொல் * 1000) என்று ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டால் அந்தக் கோடு மட்டும் ஆயிரம் மடங்கு உயரும். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

பெரிய தொல்லை, ஸ்கேன் செய்த எழுத்தைக் கணினி தவறாகப் படிப்பது. 1800-க்கு முந்தைய அச்சில் 'எஸ்' எழுத்தின் நீள வடிவம் 'எஃப்' போலவே இருக்கும். அதனால் 'பெஸ்ட்' என்பது 'பெஃப்ட்' ஆகி, அப்படியொரு சொல்லே இல்லாவிட்டாலும் கோடு ஜம்மென்று நிற்கும். 'மோடம்' கருவி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே 'மோடம்' என்ற சொல் தென்படுவதும் இதனால்தான்: 'மாடர்ன்' சொல்லில் அடுத்தடுத்து நிற்கும் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டிக்கொண்டு 'எம்' ஆகிவிடுகின்றன. பொதுச் சொல்லுக்கு இந்தப் பிழைகள் கடலில் கரைத்த பெருங்காயம். அரிய சொல்லுக்கோ பிழையே முழுக் கோடாகவும் இருக்கலாம்.

இன்னொரு பக்கம், நாற்பது புத்தகத்திலாவது வராத எதையும் இந்தக் கருவி கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 'கிடைக்கவில்லை' என்று வந்தால் சொல்லே இல்லை என்று பொருளல்ல. ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை எழுதிய சொல்லுக்கு இங்கே இடமில்லை, அவ்வளவுதான். அதற்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதிதான் கதி. ஒரே சந்தர்ப்பத்துக்காக உருவாக்கிய சொல், அரிதான சொல், வழக்கொழிந்த சொல் என்று தனித்தனியாகக் குறித்து, மேற்கோளும் ஆண்டும் தரும். முழுப் பதிவையும் பார்க்கச் சந்தா வேண்டும்.

பொருள் விஷயத்தில் என்கிராம் சுத்தமாகக் குருடு. 'லெட்' என்றால் 'விடு' என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 'தடை' என்ற பொருளில் இன்னொரு 'லெட்' உண்டு. இந்தியக் கடவுச்சீட்டில் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று அச்சிட்டிருப்பது அதுதான். வெறும் 'லெட்' தேடினால் 'விடு' மொத்தத்தையும் விழுங்கிவிடும். பெயர்ச்சொல் என்று குறி சேர்த்துத் தேடினாலும் அந்தக் குறியைப் போட்டது இயந்திரம். அரிய பயன்பாட்டில் அது சறுக்கும் வாய்ப்பு அதிகம். 'லெட்'டை அதன் துணைச் சொற்களோடு, 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' என்று தொடராகத் தேடினால் சுத்தமான கோடு கிடைக்கும். அரிய பொருள்கள் பல இப்படி ஒரு தொடருக்குள்தான் உயிர் பிழைத்திருக்கின்றன.

ஆக்ஸ்ஃபோர்டு இந்த இரண்டு 'லெட்'டையும் தனிப் பதிவாக வைத்திருப்பது உதவி. ஆனால் ஒரே பதிவுக்குள் இருக்கும் பொருள்களுக்கு அங்கேயும் தனி எண்ணிக்கை கிடையாது. 1611 பைபிளில் 'ப்ரிவென்ட்' என்பது 'முந்திச் செல்' என்ற பொருளில் வருகிறது. இன்றைய 'தடு' என்ற பொருளோடு சேர்த்து வினைச்சொல்லுக்கு ஒரே படிதான். அந்த அகராதி காட்டும் பழைய காலப் புழக்க வரைபடமே கூகுள் என்கிராம் தரவை வைத்து வரைந்தது. ஆகவே இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு சாட்சி என்று கணக்கு வைக்க வேண்டாம்.

படத்துக்குக் கீழே ஆண்டுவாரியாக இணைப்புகள் இருக்கும். சந்தேகமான மேடு எந்த ஆண்டுகளில் இருக்கிறதோ அந்த இணைப்பை அழுத்தி, நாலைந்து பக்கங்களை நேரில் பாருங்கள். எழுத்துப் பிழையா, ஆள் பெயரா, ஒரே நூலின் மறுபதிப்பா என்பது அங்கேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.