முப்பதடிப் படகும் நான்கு போல்ட் துளைகளும்

பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கலாமா என்று ஜெலுத்தோங் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1979இல் கட்டப்பட்ட என் முப்பதடிப் படகை ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். பினாங்கின் இரண்டாம் பாலத்துக்குத் தெற்கே எதிர்காற்று வீசும் நாள்களிலும் சொன்னபடி கேட்கும் அதன் பாயையோ சுக்கானையோ குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது.

என் கோபமெல்லாம் மேல்தளத்தின்மீதுதான். இரண்டு ஃபைபர்கிளாஸ் தோல்களுக்கு நடுவே பால்சா மரத்துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம் என்பதால் பால்சாவை நான் பழிக்கவில்லை. ஓரத் தடுப்புக் கம்பியின் நான்கு போல்ட்டுகளை அந்த மரத்தின் ஊடாக அப்படியே முறுக்கிவிட்டுப் போனவரைத்தான் பழிக்கிறேன். துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, எபாக்சியை (இரு திரவங்களைக் கலந்தால் கல்லாய் இறுகும் பிசின்) நிரப்பி, இறுகியபின் அதன் நடுவே மறுபடி துளையிட்டிருந்தால், போல்ட்டைச் சுற்றிய அடைப்புப் பசை விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொட்டிருக்காது.

உள்ளே மரம் மக்கியிருக்கிறதா என்று தளத்தை ஐம்பது காசு நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் கணீரென்றது. கம்பியை நெருங்க நெருங்க மொத்தென்றது. மேல்தோலை வெட்டித் தூக்கியபோது கோப்பிச் சக்கை போன்ற கறுப்புக் குழைவு உள்ளே நிறைந்திருந்தது. அதைக் கரண்டியால் அள்ளினேன் (வீட்டில் அந்தக் கரண்டியை இன்னும் தேடுகிறார்கள்).

அடித்தோலைக் காயவைத்துத் தேய்த்துப் புது பால்சாவைப் பதிப்பது கடினமன்று. நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றும்தான் பாடாய்ப் படுத்தின. முதல் நாள் நண்பகலில் கிண்ணம் நிறையக் கலக்கிய எபாக்சி, பாதிகூடப் பூசுமுன் தானே சூடேறிப் புகைந்து கிண்ணத்தையே உருக்கிவிட்டது. பிறகு மெதுவாக இறுகும் வகையை வாங்கி, அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி வைத்துக்கொண்டு பூசினேன். இறுகிய பரப்பில் மெழுகுபோல் படியும் படலத்தைத் தண்ணீர்விட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் அடுத்த பூச்சு சரியாகப் பிடிக்காது என்பதை, ஒரு முறை பூசியதை உரித்தெடுத்த பிறகே கற்றேன். மழைக்குக் கித்தான் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக மூன்று வாரம் போயிற்று.

இப்போது அந்த இடத்தில் நான் குதித்தாலும் தளம் அசைவதில்லை. படகு அருமையானது, நண்பரே, வாங்காதீர்கள். சென்ற மாதம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். நேற்றுத்தான் இடப்பக்கத்தில் கயிறு கட்டும் கொம்புக்கு அருகே அதே நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். வாங்கியே தீர்வதென்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னையும் அழைத்துச் செல்லுங்கள். நாணயத்தை நான் கொண்டுவருகிறேன்.